ரெமி அண்ணன் சொன்ன முடிவு

விளக்கை அணைத்துவிட்டார்கள். இனிமேல் எழுந்து ஓடுவதென்றால் வரிசையில் இருக்கிற அத்தனை பேர் முழங்காலையும் இடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். அதற்காகவே ஜெனோவா நட்டநடு இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தடிப்பையன்களை ஒரு பார்வையில் உட்காரவைக்கிற தாவரவியல் டீச்சர், அடுப்படிக் கரப்பானைக் கையாலேயே பிடித்து வெளியே எறிகிறவள், ஆனால் திரையில் ஒரு மரப்பொம்மை மெல்லத் தலையைத் திருப்பினால் போதும், வயிற்றுக்குள் என்னவோ நழுவும். அந்த நழுவலுக்காகத்தான் இத்தனை வருஷமாக இந்தப் பொம்மைப் படங்களின் பின்னாலேயே அலைகிறாள். சிரிக்கிற முயல், பாடுகிற கரடி எல்லாம் அவளுக்கு வேண்டாம். இருட்டான படம் வேண்டும், கந்தல் துணி, துருப்பிடித்த ஆணி, பாதி முகம் எரிந்த பொம்மை. ‘உங்கம்மா சாமி கும்பிடுறது மாதாவ, பாக்குறது பூரா பிசாச’ என்று வீட்டுக்காரர் மகனிடம் சொல்வார், சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். இன்று காலையிலும் சொன்னார். இவள் சேலையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். சென்னையில் இப்படி ஒரு சங்கம் இருப்பதும், மாசம் ஒரு சனிக்கிழமை பகலில் இந்தச் சின்ன அரங்கத்தில் படம் போடுவதும் அவளுக்குத் தெரியும், பல தடவை வந்திருக்கிறாள். இந்த மாச அறிவிப்பில் இருந்த புகைப்படத்தைப் பார்த்ததும் செல்போனைக் கீழே போட்டுவிட்டாள். மரத்தில் செய்த சிறுமி, ஒரு கண்ணில் கறுப்புப் பொத்தான், இன்னொரு கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. பெயர் தெரியாமல், எந்த நாடு என்று தெரியாமல், சின்ன வயதிலிருந்து தேடிய படம். தேடினாள் என்பதும் பாதிதான் உண்மை. கிடைத்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. கடைசிக் காட்சியை அவள் பார்த்ததே இல்லை. அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்பது ரெமி அண்ணன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், அண்ணன் செத்து நாலு வருஷம் ஆகிறது, அவன் சொன்னது பொய்யா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

படம் ஆரம்பித்துவிட்டது. பட்டறை, மரச்சுருள், கிழவனின் விரல்கள். எல்லாம் இருக்கிறது, என்னவோ இல்லை, என்ன இல்லை, என்ன இல்லை என்று கொஞ்ச நேரம் திணறினாள், பிறகு புரிந்தது, பனி இல்லை. பட்டறைக்குள் பனி பெய்யுமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல? பெய்தது. தூத்துக்குடியில் அவர்கள் வீட்டு டி.வி.யில் எல்லாப் படத்திலும் எல்லா அறைக்குள்ளும் பனி பெய்தது. நம்ம ஊர் ஒளிபரப்பு அங்கே ஒழுங்காக எட்டாத காலம், கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை டி.வி.தான் எட்டியது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், உயரம் அவருக்குப் பழக்கம், மொட்டை மாடியில் தென்னைமர உயரத்துக்கு ஒரு குழாயை நட்டு அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். சாயங்காலம் ஆனால் ரெமி அண்ணன் மேலே போய்க் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்புவான், இவள் சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு கீழேயிருந்து கத்துவாள். “வந்துட்டு! வந்துட்டுண்ணே! ஐயோ போயிட்டு!” “ஒழுங்காச் சொல்லுட்டி, வந்துட்டா போயிட்டா?” “வந்து போயிட்டு!” எவ்வளவு திருப்பினாலும் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் போகாது. அதைப் பனி என்று நம்பிக்கொண்டிருந்தாள். பனி என்றால் அவளுக்குத் தெரிந்தது பனிமய மாதா மட்டும்தான். திருவிழாவுக்கு ஊரே வேர்த்து வழிந்துகொண்டு நிற்கும், மேலே மாதாவுக்குப் பெயர் பனிமயம். மாதா ஒருகாலத்தில் பனி பெய்யவைத்த கதையை அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியானால் மாதா இருக்கிற ஊர் அந்த டி.வி.க்குள் இருக்கிற ஊர்தான், பொம்மைகள் மாதாவின் பிள்ளைகள்தான், என்று இவளாகக் கணக்குப் போட்டுக்கொண்டாள். இப்போது கழுவித் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி படம் பளிச்சென்று இருக்கிறது. கிழவனின் மூக்கு நுனியில் வண்ணம் உரிந்திருப்பது கூடத் தெரிகிறது. ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனாலும் அந்த நடை. சிறுமி மேசையிலிருந்து இறங்கி நடக்கிறாளே, ஒரு அடி, ஒரு திக்கல், இன்னொரு அடி. இதை யாருக்கும் அவளால் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. மகன் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலையில் இருக்கிறான், “இது ஸ்டாப் மோஷன்மா, பொம்மைய நகத்தி நகத்தி போட்டோ எடுக்குறது, ரொம்ப மெனக்கெட்ட வேல, இப்பல்லாம் தேவையே இல்ல” என்பான். தேவை இல்லைதான். இவள் சொல்ல வருவது வேறு. அந்தப் பாவாடையைப் பார், காற்றே இல்லாத அறையில் அதன் மடிப்பு சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு போட்டோவுக்கும் யாரோ ஒரு ஆள் வந்து தொட்டுவிட்டுப் போனதால் வந்த சிலிர்ப்பு அது. தொட்ட கை படத்தில் இல்லை. கையை எடுத்தபிறகுதான் படம் பிடிக்க முடியும். ஆனால் துணி மறக்கவில்லை, தொட்டார்கள், தொட்டார்கள் என்று நடுங்கிக்கொண்டே இருக்கிறது. களிமண் பொம்மை என்றால் கன்னத்தில் கைரேகையே இருக்கும். செத்துப்போன யாரோ ஒருவருடைய கட்டைவிரல், எங்கேயோ குளிர்தேசத்தில், ஒரு பொம்மையின் கன்னத்தில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இதைவிடப் பயங்கரம் என்ன இருக்கிறது, இதைவிட அன்பானதும் என்ன இருக்கிறது? அண்ணன் சாகும்போது போட்டிருந்த சட்டையில் இப்படி ஏதாவது இருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை, துவைத்துவிட்டார்கள். வேண்டாம், அங்கே போகாதே, படத்தைப் பார். கிழவன் சாயங்காலமானதும் சிறுமியின் பொத்தான் கண்களைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறான். தினமும் செய்கிறான், அவள் ஓடிப்போய்விடக் கூடாது என்று. பூட்டுகிற அந்த ‘க்ளக்’ சத்தம் மாறவே இல்லை, அதே சத்தம், தூத்துக்குடி வீட்டின் சிமெண்டுத் தரை தொடையில் சில்லென்று பட்டது.

சிறுமி ஒரு கண்ணை மட்டும் திருடிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டாள். விளக்குமாற்றுக் குச்சிகளால் ஆன காடு. பழைய கோட்டுகளைத் தைத்துச் செய்த ஓநாய். கிழவன் லாந்தரைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் நின்று கூப்பிடுகிறான், அரங்கத்தில் அவன் பேசுவது ஏதோ ஐரோப்பியப் பாஷை, அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. ஜெனோவாவுக்கு அது காதில் விழவே இல்லை. அவளுடைய கிழவன் சிங்களத்தில்தான் பேசுவான். சிங்களம் என்று அன்றைக்குத் தெரியாது, அது பொம்மைப் பாஷை. அண்ணனும் இவளும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாஷையில் பேசி அம்மாவிடம் அடிவாங்குவார்கள். அத்தனை வார்த்தையிலும் புரிகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிழவன் லாந்தரை ஆட்டிக்கொண்டு “என்ன, என்ன” என்பான். இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, எதற்கு இந்த ஆள் என்ன என்னவென்று கேட்கிறான்? “கெழவனுக்குக் காது செவிடு பாத்துக்க” என்பான் அண்ணன். இருவரும் உருண்டு சிரிப்பார்கள். அந்த இடம் வந்தால் பயம் தெரியாமல் இருக்க ஒரு சிரிப்பு கிடைக்கும். எவ்வளவோ காலம் கழித்து வேளாங்கண்ணிப் பேருந்து நிலையத்தில் இலங்கையிலிருந்து யாத்திரை வந்த ஒரு சிங்களத்து அம்மா, கூட்டத்தில் பின்தங்கிய தன் குழந்தையைப் பார்த்துக் கையசைத்து, “என்ன, என்ன” என்றாள். குழந்தை அவளிடம் ஓடியது. அவர்கள் பாஷையில் ‘வா’ என்று அர்த்தமாம். ஜெனோவா அந்த வெயிலில் மெழுகுவத்திப் பொட்டலத்தோடு அப்படியே நின்றாள். செவிட்டுக் கிழவன் இல்லை, அவன் வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன், “அப்பம் வேற என்னெல்லாம் தப்பாப் புரிஞ்சிருக்கோமோ” என்றான், சிரித்தான். அந்தச் சிரிப்பில் என்னவோ இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. செத்துப்போனவர்களின் எல்லாச் சிரிப்பிலும் பிறகு என்னவோ இருக்கத்தான் செய்கிறது.

பக்கத்து இருக்கையில் ஒரு இளம்பெண், கல்லூரிப் பெண்ணாக இருக்கும், விரல்களைக் கண்ணுக்கு முன்னால் விரித்துவைத்துக்கொண்டு, “ஆன்ட்டி, இது குழந்தைங்க படம்னு சொன்னாங்க” என்று முணுமுணுத்தாள். “குழந்தைங்க படந்தான்” என்றாள் ஜெனோவா. “நான் ரெண்டாங்கிளாஸ்ல பாத்தேன்.” பார்த்தேனா? கிழவன் சிறுமியின் சடையை எட்டிப் பிடிக்கிற வரைக்கும் பார்த்தேன். அதற்குமேல் அண்ணன் விடமாட்டான். “ஏட்டி ஜெனோ, கண்ண மூடு!” என்பான், இவள் மூடுவதற்குள் அவனுடைய உள்ளங்கை வந்து இவள் இரண்டு கண்ணையும் பொத்திவிடும். அந்தக் கையில் கடலைமிட்டாய் வாசனை. அந்தப் படத்தை அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள், நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் போட வேறு ஒன்றும் இல்லாவிட்டால் இதைப் போடுவார்கள் போல. ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே கை. “என்னண்ணே நடக்கு, சொல்லுண்ணே” என்று இவள் நச்சரிப்பாள், அவன் இருட்டுக்குள் சொல்லுவான். “கெழவன்ட்டருந்து தப்பிச்சிட்டா. ஓடுதா. இந்தா வீடு வந்துட்டு. கதவத் தட்டுதா, கேக்கா?” டொக் டொக் டொக் என்று இவளுக்கும் கேட்கும். “அவ அம்ம தொறக்கா. பேசுதா பாரு.” ஒரு பொம்பிளைக் குரல் கேட்கும். “கஞ்சி கலக்கிக் குடுக்கா.” கிண்ணத்தில் கரண்டி சுற்றுகிற சத்தம். “கோயில் மணி அடிக்கி. எல்லாரும் பூசைக்குப் போறாவ.” மணி சின்னதாகி, சின்னதாகிப் போய்விடும். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்கள். அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லும் அறிவிப்பாளர் அம்மாவின் குரல் கேட்டதும், “முடிஞ்சிட்டு, தொற” என்று கையை எடுப்பான். வளர்ந்தபிறகுதான் சந்தேகம் வந்தது. அப்படிப்பட்ட படத்துக்கு இப்படியா முடிவு இருக்கும்? நல்லபடியாக முடிந்தால் எதற்குக் கண்ணை மூட வேண்டும்? அண்ணன் பார்த்துவிட்டு மாற்றிச் சொல்லியிருக்கிறான். நெஞ்சழுத்தம் உள்ள பயல், பொம்மையை என்ன செய்தார்களோ அதை எல்லாம் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே தங்கச்சிக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறான். அதை நினைத்து ரொம்ப காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். பயப்படாத அண்ணன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அந்தப் பெருமையே கடைசியில் முள்ளாகிப் போனது. அண்ணன் மதுரை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தான், போனில் கேட்டபோதெல்லாம் “ஒன்னுமில்லட்டி, வாயுக் கோளாறு, மாத்திர குடுத்திருக்கான்” என்றான். இவள் நம்பினாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், லீவு போடவில்லை, போய்ப் பார்க்கவில்லை. வாயுக் கோளாறு என்று சொன்ன அதே வாரம் அண்ணன் மனைவி லீமா மைனி போன் செய்து “வா” என்று மட்டும் சொன்னாள், போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் இருந்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, காலைக் கழுவுவதற்கு முன்னாலேயே, மைனியைப் பிடித்துக்கொண்டாள். ஏன் மறைச்சீங்க? புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து ஏன் எங்கிட்ட மறைச்சீங்க? மைனி அழவில்லை, களைத்துப்போயிருந்தாள். “மறைக்கல ஜெனோவா. அவுக காதுலயே வாங்கல. டாக்டர் சொல்லச் சொல்ல சன்னலையே பாத்துட்டு இருந்தாக. வெளிய வந்து, வாயுவாம்லான்னு எங்கிட்டயே சொன்னாக. நான் என்னத்தச் சொல்ல? அவுக பயந்துட்டாகம்மா.” அந்த ஒரு வார்த்தையில் இவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. “எங்க அண்ணன் பயந்தவன் இல்ல! எனக்குத் தெரியும் எங்க அண்ணன. எத வேணாலும் முழுசாக் கண்ணத் தொறந்து பாப்பான் அவன். நீங்க உங்க பழிய அவன் மேல போடாதீங்க.” எத்தனை பேர் இருந்தார்கள் அந்தக் கூடத்தில். இவள் அதன்பிறகு அந்த வீட்டுப்படி மிதிக்கவில்லை. மைனி வருஷம் தவறாமல் அண்ணனின் நினைவுப் பூசைக்குச் சொல்லி அனுப்புவாள், இவள் போகமாட்டாள். அண்ணன் கண்ணைத் திறந்து பார்க்கிறவன், எல்லாம் தெரிந்தவன், தெரிந்தும் தங்கச்சியிடம் சொல்லாமல் போகிறவன் இல்லை, சொல்லவிடாமல் செய்தது மைனிதான். இதுதான் இவள் கட்டிவைத்த வழக்கு. சாட்சி இந்தப் படம்.

திரையில் கிழவன் சடையைப் பிடித்துவிட்டான். கை தானாகக் கண்ணருகே போயிற்று, ஜெனோவா அதைப் பிடித்து மடியில் அழுத்திவைத்தாள். பார். சிறுமியை லாந்தரோடு சேர்த்துத் தூக்கி வருகிறான். பட்டறை. மேசை மேல் ஒரு பெட்டி. வீடு இல்லை, கதவு இல்லை. சிறுமியைப் பெட்டிக்குள் படுக்கவைக்கிறான், மூடியைப் போடுகிறான், சுத்தியலை எடுக்கிறான். டொக் டொக் டொக். அண்ணன் சொன்ன கதவு தட்டுகிற சத்தம் இதுதான். ரோமத் தொப்பி போட்ட ஒரு சீமாட்டிப் பொம்மை வருகிறாள், பெட்டியைப் பார்த்து விலை கேட்கிறாள், கதவைத் திறந்த அம்மாவின் குரல் அதுதான். கிழவன் பசைக் கிண்ணத்தில் கரண்டியை விட்டுக் கலக்குகிறான், கலக்கிக் காகிதம் ஒட்டுகிறான், அதுதான் கஞ்சி. பெட்டி வண்டியில் ஏறுகிறது, குதிரைக் கழுத்தில் மணி. பனி வெளியே நிஜமாகவே பெய்துகொண்டிருக்கிறது, மணி சின்னதாகிச் சின்னதாகிப் போகிறது. சரிதான், ரெமி அண்ணே, எல்லாத்தையும் பார்த்திருக்கிறாய், பார்த்துக்கொண்டேதான் சத்தத்துக்குச் சத்தம் மாற்றியிருக்கிறாய், என்ன மூளைடா உனக்கு. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அதிலும் ஒரு கர்வம் இருந்தது, வழக்கு ஜெயித்துவிட்டது, எழுந்து போய்விடலாம் என்று பையைக்கூட எடுத்தாள். படம் முடியவில்லை. சத்தம்தான் முடிந்திருந்தது.

காலியான பட்டறை. ஒரு சின்ன ஒலி கூட இல்லை. கிழவன் நாற்காலியில் தூங்குகிறான். மேசைக்கு அடியில், மரச்சுருள் குவியல் மெல்ல அசைகிறது. அதற்குள்ளிருந்து ஒரு மரக்கை. சிறுமி. பெட்டிக்குள் போனது எது? கிழவன் சுத்தியலை எடுக்கத் திரும்பியபோது அவள் தன் பாவாடையைச் சுற்றி உள்ளே வைத்த விறகுக்கட்டை, வழியில் பெட்டி திறந்து விழுந்து, பனியில் கிடக்கிறது, அதையும் காட்டுகிறார்கள், சத்தமே இல்லாமல். சிறுமி கிழவனின் சாவியால் இழுப்பறையைத் திறந்து தன் இன்னொரு கண்ணை எடுக்கிறாள். ஊதித் துடைத்து வைத்துக்கொள்கிறாள். கதவைத் தள்ளுகிறாள். இரண்டு கண்ணோடும் பனியில் நடந்து போகிறாள், ஒரு அடி, ஒரு திக்கல், இன்னொரு அடி, திரும்பிப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பெண் “அப்பாடா!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஜெனோவாவுக்கு அப்பாடா வரவில்லை. இதை ஏன் சொல்லவில்லை? கஞ்சியும் கோயில் மணியும் சிரமப்பட்டு ஜோடித்தவன், நிஜமாகவே அவள் தப்பித்துவிட்டதை ஏன் சொல்லவில்லை? கண் இரண்டையும் எடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் இவள் எழுந்து குதித்திருப்பாளே, அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான். சத்தம் கேட்டதை எல்லாம் சொன்னான். சத்தம் வராததை மட்டும் அவன் சொல்லவில்லை. ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. மாதாவே. அவனும் பார்க்கவில்லை. ஒரு கையால் இவள் கண்ணைப் பொத்திக்கொண்டு, தன் கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, காதில் விழுந்ததை வைத்துக் கதை சொல்லியிருக்கிறான். அவனும் சின்னப்பயல்தானே. அவனை யார் பொத்தினார்கள்?

விளக்கைப் போட்டார்கள். சங்கத்துப் பையன் மைக்கில் கலந்துரையாடல் என்று ஆரம்பித்தான். ஜெனோவா எல்லார் முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். மைனியின் எண்ணைப் போனிலிருந்து அழிக்காமல்தான் வைத்திருந்தாள், அதை அழுத்தினாள்.

“யாரு… ஜெனோவாவா?” என்றாள் லீமா மைனி. குரலில் பதற்றம். “யாருக்கும் ஒன்னுமில்லையே?”

“ஒன்னுமில்ல மைனி.” “அன்னைக்கி டாக்டர் பேசும்போது அண்ணன் சன்னலப் பாத்துட்டு இருந்தான்னு சொன்னீங்கல்லா.”

“ஆமா.”

“சன்னல்ல என்ன தெரிஞ்சிது மைனி?”

அங்கே ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “ஒன்னும் தெரியாதும்மா. பால் கண்ணாடி. மூடித்தான் கெடந்துச்சி. அதப் பாத்துக்கிட்டே, லீமா, மழை வருது பாரு, மாடியில துணி கெடக்கே, வா போவோம்னு சொன்னாக. அந்தப் பாவி டாக்டர் பேசிட்டே இருக்கான், இவுக எங்கையப் பிடிச்சிக்கிட்டு துணி நனையுது, துணி நனையுதுன்னே சொல்லுதாக.”

“நீங்க நம்புனீங்களா?”

“நெசமா மழைன்னுதான் நெனச்சேன் ஜெனோவா,” என்றாள் மைனி. “வெளிய வந்து பாத்தா வெயிலு.”

ஜெனோவா சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள். காபி ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைனி போனை வைக்கவில்லை.